அசல் என்றொரு பொய்

பழைய பந்தயக் கார்களை வாங்கி விற்கும் உலகில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் 'ஒரிஜினல்'. ஏலப் பட்டியல்களிலும் கண்காட்சி அறிவிப்புகளிலும் உரிமையாளர்களின் பேச்சிலும் அது மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. அந்த உலகில் புழங்கும் பணம் சாதாரணமானதன்று. 2018-இல் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2025 பிப்ரவரியில் மெர்சிடஸ் டபிள்யூ 196 ஆர் பந்தயக் கார் ஒன்று 5 கோடியே 11 லட்சம் யூரோவைத் தாண்டியது. இந்தக் குறிப்பிட்ட கார்களைப் பற்றி எனக்குப் புகார் ஏதுமில்லை. இவ்வளவு பணம் புழங்கும் துறையில், விலையைத் தீர்மானிக்கும் அந்த ஒற்றைச் சொல் பெரும்பாலான கார்களின் விஷயத்தில் உண்மையாக இருக்கவே வழியில்லை. அது அத்துறையினர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கைவிட யாருக்கும் மனமில்லை. என் புகார் அதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பந்தயக் காருக்குப் புதிய பாகம் செய்வது குற்றமன்று. அது நல்ல வேலை. சில வேளைகளில் மகத்தான வேலை. செய்ததை மறைப்பதுதான் குற்றம். புதிதாக அடிக்கப்பட்ட ஒவ்வொரு தகட்டிலும், புதிதாக வார்க்கப்பட்ட ஒவ்வொரு பாகத்திலும் செய்தவரின் பெயரும் செய்த ஆண்டும் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். கழற்றி எறியப்பட்ட பழைய பாகம் காரோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் செய்யப்படாத எந்தப் புதுப்பிப்பையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், போலிப் பத்திரம் என்றே கொள்ள வேண்டும்.

இலக்கியம் பேசும் இடத்தில் கார்த் தகடு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சிதைந்த ஏட்டை எப்படிப் பதிப்பிப்பது, விடுபட்ட அடியை என்ன செய்வது, திருத்தியவன் தன் திருத்தத்தைச் சொல்ல வேண்டுமா என்பவை நூறாண்டுக்கும் மேலாக நம்மிடையே இருந்துவரும் கேள்விகள். அவற்றையே அலுமினியத்திலும் மெக்னீசியத்திலும் கேட்டுப் பார்க்கிறேன். பதிப்பாளர்களிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையைக் கோடீஸ்வரர்களின் பட்டறைகளிடமும் எதிர்பார்ப்பதில் தவறென்ன?

முதலில் பந்தயக் கார் என்ற பொருளின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கார் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே பல்லாண்டு இருக்கலாம். பந்தயக் கார் அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரைகூட அப்படி இருப்பதில்லை. ஒரு பந்தயத்தில் இன்ஜின் வெடித்தால் அடுத்ததற்கு வேறு இன்ஜின். முகப்பு நசுங்கினால் அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு முகப்பு. சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் வளைந்தால் சட்டமே புதிது. எல்லை தாண்டிப் போகும்போது சுங்கக் காகிதத்தில் எழுதப்பட்ட எண்ணுக்கு ஏற்றவாறு ஒரு காரின் எண்தகட்டைக் கழற்றி இன்னொரு காரில் பொருத்தியதும் உண்டு. அன்றைய அணிகளுக்கு அது வெறும் கருவி. மண்வெட்டிக்குக் காம்பு மாற்றுகிறவன் வரலாற்றாசிரியனைக் கலந்தாலோசிப்பதில்லை. ஆகவே, 'ஒரிஜினல்' என்று சொல்கிறவரை நோக்கி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஆண்டின், எந்தப் பந்தயத்தின், எந்த நாளின் ஒரிஜினல் என்பதே.

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிற்று. 1929-இலும் 1930-இலும் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட்ட ஒரே பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார். இருமுறையும் அதை ஓட்டியவர்களுள் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. பின்னர் அதில் 8 லிட்டர் இன்ஜின் பொருத்தப்பட்டது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில் அது கரையைத் தாண்டிப் பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். சிதைந்த கார் மறுபடியும் கட்டப்பட்டுச் சாலைக்கு வந்தது. 1990-இல் அதை ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தக் காரே அன்று என்று சொல்லிப் பின்வாங்கப் பார்த்தது. வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் முன் வந்தது.

விசாரணையில் வெளிப்பட்ட கணக்கு சுவாரசியமானது. நிபுணர் ஒருவரின் மதிப்பீட்டில் 1929-ஆம் ஆண்டு வென்ற காரில் ஏறக்குறைய எதுவுமே எஞ்சவில்லை. 1930-இல் வென்ற காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டுமே. அடிச்சட்டமும் அச்சுகளும் இன்ஜினும் 1932-ஆம் ஆண்டு விபத்துக்குள்ளான வடிவத்தைச் சேர்ந்தவை. நீதிபதி அளித்த தீர்ப்பின் சாரம் இது: இந்தக் காரை ஒரிஜினல் என்று அழைக்க முடியாது, ஆயினும் இது எந்தக் கட்டத்திலும் மறைந்து வேறொன்றாகத் தோன்றவில்லை, அதன் வரலாறு இடையறாதது, ஆகவே இதுவே உண்மையான ஓல்ட் நம்பர் ஒன். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வாங்கியாக வேண்டும்.

என் பார்வையில் இத்துறையைப் பற்றி வழங்கப்பட்ட மிகத் தெளிவான இலக்கியத் தீர்ப்பு இது. அசல் வேறு, உண்மை வேறு என்று அது பிரித்துவிட்டது. பாகங்கள் மாறலாம், மாறிய கதை அறுபடாமல் சொல்லப்பட வேண்டும். அந்தக் கதைதான் காரின் அடையாளம். அப்படியானால், ஒரு பாகம் எப்போது யாரால் மாற்றப்பட்டது என்பதை மறைக்கிறவர் காரின் அடையாளத்தையே அழிக்கிறார். 1990-இல் சொல்லப்பட்ட இந்த நியாயத்தைச் சந்தை வசதியாகப் பாதி மட்டும் எடுத்துக்கொண்டது. பாகங்கள் மாறினாலும் பரவாயில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. கதையைச் சொல்லியாக வேண்டும் என்பதை விட்டுவிட்டது.

இனி வேலையைப் பார்ப்போம். இதைப் பழித்துப் பேசுவோரில் பலருக்கு இந்த வேலை என்னவென்றே தெரியாது. 1950-களின் பந்தயக் காரின் மேற்தகடு பெரும்பாலும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மென் அலுமினியம். அதை முதலில் பதப்படுத்த வேண்டும். இரும்பைப்போல் அலுமினியம் சூடேறும்போது சிவப்பதில்லை. உருகப்போவதற்கு எந்த முன்னறிவிப்பும் தராமல் சட்டென்று ஓட்டையாகிக் கீழே சொட்டிவிடும். ஆகவே அசெட்டிலின் சுடரில் ஆக்சிஜனைக் குறைத்துத் தகட்டின்மேல் கரியைப் படியவிடுவார்கள். பிறகு ஆக்சிஜனைக் கூட்டி அந்தக் கரி மறையும்வரை சூடு காட்டுவார்கள். கரி மறைந்த இடம் பதமான இடம். பதமான தகட்டை மணல் நிரப்பிய தோல்பையின் மேல் வைத்து மரச்சுத்தியால் அடித்துக் குழிக்க வேண்டும். அடிக்க அடிக்க உலோகம் விறைக்கும். மீண்டும் பதப்படுத்த வேண்டும். வாதுமைப் பருப்பின் தோல்போலச் சுருங்கிக் கிடக்கும் அந்தத் தகட்டை, மேலே தட்டையான உருளையும் கீழே வளைந்த உருளையும் கொண்ட 'இங்கிலீஷ் வீல்' என்ற எந்திரத்துக்கிடையே முன்னும் பின்னுமாக நூற்றுக்கணக்கான முறை ஓட்டி வழவழப்பாக்க வேண்டும். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விடவேண்டும் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. உள்ளங்கைதான் சொல்லும்.

தகடுகளை இணைப்பதும் அப்படியே. வாயுச் சுடரில் பற்றவைத்த இணைப்பு மென்மையாக இருக்கும். அதைச் சுத்தியால் அடித்துத் தகட்டோடு தகடாக்கிவிடலாம். ஆனால் அதற்குப் பயன்படுத்தும் ஃபிளக்ஸ் பொடியைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் அது பல்லாண்டு கழித்துத் தகட்டை உள்ளிருந்து அரித்துவிடும். மிலானின் டூரிங் நிறுவனம் 'சூப்பர்லெஜேரா' என்ற முறையில் மெல்லிய எஃகுக் குழாய்க் கூட்டின்மேல் அலுமினியத் தோலைச் சுற்றிக் கட்டியது. அழகான முறை. ஆனால் எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் பொடிந்துபோகும் என்பது வேதியியல். அந்த விளிம்புகளைப் புதிதாகச் செய்யாமல் அத்தகைய காரைக் காப்பாற்றுவது அரிது. மெக்னீசியக் கலவையில் வார்த்த கியர்பாக்ஸ் கூடுகளும் சக்கரங்களும் இன்னும் மோசம். அவை எடை குறைந்தவை என்பதற்காகப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அறுபது ஆண்டு தாங்கவேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. அரிப்பும் விரிசலும் கண்ட பழைய மெக்னீசியச் சக்கரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடு என்று ஒருவரிடம் சொல்வது வரலாற்றுணர்வாகாது.

இங்கேதான் எதிர்த்தரப்பின் முதல் பிரிவினரிடமிருந்து நான் விலகுகிறேன். எதையுமே தொடக்கூடாது, துருவும் வரலாறே என்பவர்கள் அவர்கள். அவர்களுக்கும் ஒரு நியாயமான உதாரணம் உண்டு. 1925-ஆம் ஆண்டின் பூகாட்டி பிரேசியா ஒன்று சுங்கவரித் தகராறில் மஜோரே ஏரியில் மூழ்கடிக்கப்பட்டு எழுபதாண்டுக்கும் மேலாக நீருக்கடியில் கிடந்தது. 2009-இல் அதை வெளியே எடுத்தார்கள். 2010-இல் பாரிஸ் ஏலத்தில் அதை வாங்கியவர் புதுப்பிக்காமல் அரித்துப்போன நிலையிலேயே கலிஃபோர்னியாவில் தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். சரியான முடிவு. அந்தக் காரில் எஞ்சியிருந்தது ஏரியின் வேலைப்பாடு. அதன்மேல் புதிய தகடு போர்த்தினால் இருப்பதும் போய்விடும். ஆனால் ஓடக்கூடிய எல்லாக் கார்களையும் அப்படி உறையவைக்கச் சொல்வது, நாடகப் பிரதி பழையது என்பதற்காக அதை மேடையேற்றாதே என்பதுபோல. பந்தயக் காரின் பொருள் அதன் ஓட்டத்தில் இருக்கிறது. அந்தச் சத்தமும் எண்ணெய் நாற்றமும் வளைவில் பின்சக்கரம் வழுக்கும் விதமும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடைக்காது. 1997 முதல் மொனாக்கோவிலும் 1998 முதல் இங்கிலாந்தின் குட்வுட்டிலும் நடந்துவரும் பழைய கார்ப் பந்தயங்கள் இருப்பதால்தான் இந்தக் கைவேலையும் உயிரோடு இருக்கிறது. ஓட வேண்டுமானால் பாகம் வேண்டும். பாகம் கடையில் கிடைக்காது. ஆகவே செய்துதான் ஆகவேண்டும்.

எதிர்த்தரப்பின் இரண்டாம் பிரிவினரிடம்தான் எனக்கு உண்மையான சண்டை. இவர்கள் எல்லாவற்றையும் செய்கிறார்கள், எதையும் சொல்வதில்லை. புதிய தகட்டை அமிலத்தில் நனைத்தும் தேய்த்தும் பழையதுபோல் ஆக்குகிறார்கள். புதிய வார்ப்பில் பழைய தொழிற்சாலையின் முத்திரையை இட்டுவிடுகிறார்கள். எண் இருக்கும் ஒரு சாண் அளவு சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியெல்லாம் புதிதாகச் செய்து, அதை ஒரு முழு வரலாற்றின் வாரிசாக அறிவிக்கிறார்கள். அன்று விபத்தில் வளைந்து குப்பைக்குப் போன அடிச்சட்டம் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டு அதன்மேல் இன்னொரு கார் எழும்புவதால், ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கோரும் கேலிக்கூத்தும் நடக்கிறது. நம்மூர் டிங்கரிங் கடையில் ஒடுக்கு விழுந்த இடத்தில் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பார்கள். அவர் உங்களிடம் பட்டி போட்டிருக்கிறேன் என்று சொல்லித்தான் காசு வாங்குவார். இந்த உலகளாவிய வியாபாரத்துக்கு அந்த அளவு நாணயம்கூட இல்லை.

எண்ணின்மேல் சந்தை கொண்டிருக்கும் பக்திக்கு ஓர் உதாரணம். 2007 பிப்ரவரியில் பாரிஸில் ஓர் ஆட்டோ யூனியன் டி வகைப் பந்தயக் கார் ஏலத்துக்கு வரவிருந்தது. போருக்குப் பின் சோவியத் யூனியனுக்குக் கொண்டுபோகப்பட்டு, பாகம் பாகமாகத் தேடி மீட்கப்பட்டு, இங்கிலாந்தின் கிராஸ்த்வெய்ட் அண்ட் கார்டினர் பட்டறையில் மறுபிறவி எடுத்த கார்களுள் ஒன்று. அது எந்தப் பந்தயங்களில் ஓடிய கார் என்ற அடையாளத்தில் ஐயம் எழுந்ததால் ஏலத்தை கிறிஸ்டீஸ் நிறுத்திவைத்தது. நிறுத்தியது சரியே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐயம் எழுந்த மறுநாளும் அதன் பதினொரு... பன்னிரண்டு சிலிண்டர்களும், உலோகத்தில் ஒரு கிராமும், கைவினைஞர்களின் உழைப்பில் ஒரு மணிநேரமும் மாறிவிடவில்லை. மாறியது எண்ணோடு ஒட்டிய கதை மட்டும். அந்த அற்புதமான மறுபடைப்பு வேலைக்கு ஏலக்கூடம் தனியாக ஒரு விலை வைத்திருக்கவில்லை என்பதைத்தான் அந்நிகழ்ச்சி காட்டிக்கொடுத்தது.

மறைப்பதைவிட நுட்பமான இன்னொரு தவறும் உண்டு. அது திருத்துவது. ஜாகுவார் நிறுவனம் 1963-இல் 18 'லைட்வெயிட் ஈ-டைப்' கார்களைச் செய்யத் திட்டமிட்டு 12-ஐ மட்டுமே செய்தது. மீதி 6 எண்கள் வெறுமையாக இருந்தன. 2014-இல் அந்த 6 எண்களுக்கும் கார் செய்ய முடிவெடுத்தது. பழைய கார் ஒன்றின் உடலை ஒளிக்கதிரால் அளந்து, அந்த அளவில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கணினியில் திருப்பிப்போட்டு மறுபக்கத்தை உருவாக்கினார்கள். இடமும் வலமும் மிகச் சரியாகப் பொருந்தும், அன்றைவிடத் தரம் உயர்ந்தது என்று நிறுவனமே பெருமையாக அறிவித்தது. அறிவித்த நேர்மையைப் பாராட்டுகிறேன். செய்ததை ஏற்க முடியவில்லை. கையால் செய்த உடலில் இடக்கன்னம் வலக்கன்னத்தைப்போல் இருக்காது. மொடெனாவில் ஸ்காலியெட்டியின் பட்டறையில் கம்பிக் கூட்டை வழிகாட்டியாக வைத்துக் கண்ணளவில் தகடடித்த காலத்துக் கார்களில் இரண்டு ஒன்றுபோல் இல்லை. ஒரே காரின் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. அந்தக் கோணல், அடித்தவனின் கையெழுத்து. வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதையை இலக்கணத் தமிழுக்குத் திருத்தி அச்சிட்டுவிட்டு, தரம் உயர்ந்துவிட்டது என்று பதிப்பாளர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

அந்த ஆறு எண்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புறநானூறு நினைவுக்கு வருகிறது. அதன் 267, 268 ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. அச்சுப் பதிப்புகளில் அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கிடைத்த பாட்டுகளிலும் சிதைந்த அடிகளின் இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. சங்கத் தமிழில் இரண்டு பாட்டு எழுதிச் சேர்க்கும் புலமை உ.வே. சாமிநாதையருக்கு இல்லாமலா போயிற்று? அந்த வெறுமையை அப்படியே விட்டதும், பிரதிகளுக்கிடையே கண்ட பாடபேதங்களைக் குறித்துவைத்ததும்தான் அவருடைய பதிப்பை நாம் நம்பக் காரணம். கார் என்பது பாட்டன்று; பல்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி வைத்தால் வண்டி ஓடாது என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வெறுமையாக விடச் சொல்லவில்லை. நிரப்புங்கள், நிரப்பியது நீங்கள் என்று எழுதிவையுங்கள் என்கிறேன்.

இது ஒன்றும் நடக்கவே முடியாத கனவன்று. ஃபியட் 1910-1911-இல் வேகச் சாதனைக்காகச் செய்த எஸ்76 காரின் இன்ஜின் கொள்ளளவு 28 லிட்டருக்கும் மேல். இரண்டு கார்கள்தான் செய்யப்பட்டன. ஒன்றின் அடிச்சட்டம் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது; மற்றதன் இன்ஜின் வேறிடத்தில் கிடைத்தது. டங்கன் பிட்டவே என்ற ஆங்கிலேயர் இவ்விரண்டையும் சேர்த்தார். கியர்பாக்ஸும் மேலுடலும் ரேடியேட்டரும் புகைப்படங்களையும் வரைபடங்களையும் பார்த்துப் புதிதாகச் செய்யப்பட்டவை. 2014-இல் அது மறுபடியும் உறுமியது. எது பழையது, எது புதியது என்பது உலகத்துக்கே தெரியும். அதனால் அந்தப் பூதத்தைப் பார்க்கக் கூடும் கூட்டம் குறைந்துவிடவில்லை. 2024-இல் ஆடி நிறுவனம், 1930-களில் வரைபடத்தோடு நின்றுபோன ஆட்டோ யூனியன் 'டைப் 52' காரை அதே கிராஸ்த்வெய்ட் அண்ட் கார்டினரிடம் கொடுத்து முதல்முறையாகச் செய்யவைத்துக் குட்வுட்டில் ஓட்டியது. அதற்குப் பழைய எண் எதையும் ஒட்டவில்லை. தொண்ணூறு ஆண்டு தாமதமாகப் பிறந்த குழந்தை என்பதை ஒளிக்கவுமில்லை. புதியதைப் புதியது என்று சொல்லியே பெருமைப்பட முடியும் என்பதற்கு இவை போதுமான சாட்சி.

விதிகளும் எழுதப்படாமல் இல்லை. கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், விடுபட்ட பகுதியை ஈடுசெய்யும்போது அது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதேவேளையில் பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றது. அதன் வழியில், பழைய வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றது. மாற்றுப் பாகங்களை அடையாளம் காணும்படி குறியிட வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. ஆனால் சாசனம் என்பது அறிவுரை. பந்தயத்தில் ஓட எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டோ, கார் அக்காலத்து அளவுகளுக்கு இணங்குகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்தக் காரின் வரலாறு உண்மையா என்பதற்கு அது சான்றாகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஆக, அறிவுரை சொல்பவருக்கு அதிகாரமில்லை. அதிகாரம் உள்ளவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இடைப்பட்ட இடத்தில் ஏலப் பட்டியல் எழுதுபவரின் உரைநடை கொடிகட்டிப் பறக்கிறது.

குறியிட்டால் அழகு கெடும் என்பார்கள். தகட்டின் உட்புறத்தில், சக்கர வளைவுக்குள், வார்ப்பின் அடியில் இரண்டு அங்குல இடம் இல்லாத கார் உலகில் இல்லை. விலை விழும் என்பார்கள். உண்மையைச் சொன்னவுடன் விழும் விலை, உண்மையைச் சொல்லாததற்காகத் தரப்பட்ட விலை. அது விழட்டும். அன்று தொழிற்சாலையே பாகங்களைச் சொல்லாமல்தானே மாற்றியது என்பார்கள். அன்று அவர்கள் பந்தயத்தில் ஓட்டினார்கள்; இன்று நீங்கள் வரலாற்றை விற்கிறீர்கள். விற்கும் பொருள் மாறும்போது அதற்கான நேர்மையும் மாறத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு உறுத்துவது பெயரில்லாமை. 2019-இல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் ஃபெராரி 250 ஜிடிஓவின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்று ஏற்று, நகலெடுப்பதைத் தடுத்தது. நல்லது. கலைப்படைப்பு என்றால் கலைஞர் இருக்க வேண்டும். பொறியாளர் பிட்ஸரினியின் பெயரும் ஃபோர்கியேரியின் பெயரும் பட்டறை முதலாளி ஸ்காலியெட்டியின் பெயரும் நமக்குத் தெரியும். அந்த வளைவுகளை உள்ளங்கையால் தடவித் தடவி அடித்தெடுத்தவர்களை இத்தாலியர் 'பத்திலாஸ்த்ரா' என்ற பொதுப்பெயரால் அழைக்கிறார்கள். தகடு அடிப்பவர் என்று பொருள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் எந்தக் காரில் இருக்கிறது? அன்று பெயர் பொறிக்காமல் விட்டது அக்காலத்தின் அலட்சியம். இன்று, அதே வளைவை மறுபடி அடித்தெடுக்கும் கைவினைஞரின் பெயரை வேண்டுமென்றே மறைப்பதற்கு என்ன பெயர்? அவர் தம் வேலையில் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவுக்கு அவர் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று சந்தை அவரிடம் கேட்கிறது. மிகச் சிறப்பாகச் செய்தால், செய்யவே இல்லை என்று நம்பப்படுவார். அதுவே அவருக்குப் பாராட்டாம். இந்தப் பாராட்டைக் கேட்டு எந்த இளைஞர் இத்தொழிலைக் கற்க வருவார்?

ஆகவே கோரிக்கை எளிமையானது. பந்தயம் நடத்துவோர், புதிய பாகங்களின் பட்டியலும் குறியும் இல்லாத காரைத் தடத்தில் இறக்கக் கூடாது. ஏல நிறுவனங்கள் 'ஒரிஜினல்' என்ற சொல்லைக் காருக்கு ஒட்டுமொத்தமாகப் பயன்படுத்துவதை நிறுத்தி, பாகம் பாகமாக ஆண்டும் செய்தவர் பெயரும் தர வேண்டும். பட்டறைகள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; அடுத்த தகட்டின் உட்புறத்திலேயே தொடங்கலாம். ஓர் எழுத்துளியும் ஒரு சுத்தியும் போதும். இவர்கள் செய்யும்வரை, எங்கேனும் ஒரு பளபளக்கும் பழைய பந்தயக் காரின் முன் நின்று 'முழுக்க ஒரிஜினல்' என்ற அறிவிப்பைப் படிக்க நேரும் நண்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்தப் பாகம், எந்த ஆண்டு, யார் கை? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் முதல் இரண்டுக்கு வரும் பதிலையும் நம்ப வேண்டியதில்லை.